இரண்டு பர்னாந்து, ஒரு பிளாட்

லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயில் அரசு வீட்டுமனைப் பட்டியல் எழுதும் கிளார்க்காகச் சேர்ந்த முதல் நாள், என் ஃபாரத்திலேயே சர்நேம் என்று ஒரு கட்டம் இருந்தது. எனக்கு ஏது சர்நேம்? காலியாக விட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்று அப்பா பெயரை எழுதித் தொலைத்தேன். ஆபீஸில் எல்லாவற்றுக்கும் சர்நேம்தான்; ரிட்டயர் ஆகும்வரை என் அப்பாவைத்தான் திட்டினார்கள்.

அதே கட்டம் சூசை பர்னாந்துவையும் பிடித்தது. தூத்துக்குடிப் பக்கத்துப் படகுத் தச்சர். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஜெட்டி அருகே தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தார். மழை தொடங்கிவிட்டது. மனை கிடைக்காவிட்டால் அடுத்த கப்பலில் மெயின்லேண்ட் திரும்ப வேண்டியதுதான்.

எங்கள் ஆபீசர் சாப் அவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். வடக்கத்திக்காரர், கணக்கில் எம்.ஏ.

“லாசர் பர்னாந்துக்கு பிளாட் குடுத்தாச்சு. ஏக் ஃபேமிலி, ஏக் பிளாட்.”

“ரெண்டு பேரும் சொந்தமில்ல சாப்.”

“அரே பாபு, ஃபிரான்ஸ்ல புவான்கரேன்னு பெரிய கணக்கு மேதை. அதே சர்நேம்ல ஒரு பிரசிடென்ட். ரெண்டு பேரும் கசின். சர்நேம் ஒண்ணுன்னா ரத்தம் ஒண்ணு.”

பிரான்சில் எவனுக்கு எவன் சொந்தமானால் இங்கே தார்ப்பாய் ஒழுகுவது நின்றுவிடுமா?

லாசரை விசாரணைக்கு அழைத்தேன்.

“இவனா எனக்குச் சொந்தம்? என் உளிய வாங்கிட்டுப் போனவன் திருப்பித் தரல.”

“ஏலே, அது என் உளி” என்றார் சூசை.

சாப் மகிழ்ந்துபோனார். “தேகோ, பாரு, பங்காளிச் சண்டை.” அதையே ஃபைலில் ஆதாரமாக எழுதினார்.

எனக்கு ஆத்திரம். ஃபாரத்தைப் புரட்டினேன். மனைவியின் பிறந்த வீட்டு சர்நேம் கட்டம் காலியாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே நனைந்துகொண்டிருந்த சூசையின் மனைவியைக் கேட்டேன்.

“நானும் பர்னாந்துதான் சார். எங்கூர்ல கல்ல விட்டெறிஞ்சா ஒரு பர்னாந்து மேலதான் விழும்.”

சாப்பிடம் இந்தியில் சொன்னேன். அவர் பேனா நின்றது. அவர் ஊரில் ஒரே கோத்திரத்தில் பெண் எடுத்தாலே வெட்டுக்குத்து.

“பெஹனையா, கூடப்பொறந்தவளையா ஷாதி பண்ணான்?”

“உங்க கணக்குப்படி அப்படித்தான் சாப். ஃபைல்ல எழுதிடவா?”

மனை அன்றைக்கே கையெழுத்தானது. ஆனால் சாப் மனதுக்குள் நம்பியதை விடவில்லை. அண்ணன் தம்பி அருகருகே இருக்கட்டும் என்று லாசர் வீட்டை ஒட்டியே கொடுத்தார். அந்த உளிக்காக வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று பல வருஷம் கத்தினார்கள்.

அந்தப் பிரான்ஸ்காரர்கள் கசின்தான் என்று பிறகு ஒரு வாத்தியார் சொன்னார். சாப் அதில் மட்டும் சரி.

கிளார்க் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கட்டத்தை நிரப்புமுன் எதிரே நிற்கிற ஆளைக் கேளுங்கள். உங்கள் சொந்த ஃபாரம் என்றால் இன்னும் கவனம். என் அப்பா இந்தத் தீவுக்கு வந்ததே இல்லை. அவர் வாங்கிய மெமோ மட்டும் பதினேழு.