ஆஸ்பத்திரி வாசல் நாய்க்கு ஒரு தூக்குச் சோறு

எனக்குப் பத்து வயதான வருஷம் எங்கள் வீட்டு அடுப்பில் தினமும் இரண்டு சோறு வெந்தது. ஒன்று எங்களுக்கு, இன்னொன்று சிப்பிக்கு. சிப்பி எங்கள் நாய். கடலூர் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த அப்பா, ஒரு மழைநாளில் மீன்கூடைக்குள் உட்காரவைத்து அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்த நாளிலிருந்து நாங்கள் தின்றதையெல்லாம் அதுவும் தின்றது. மீன்குழம்புச் சோறு, ஊறுகாய் ஒட்டிய இட்லி, மிக்சர், எதையும் விட்டுவைத்ததில்லை. கடைசியில் அதற்கு முடி கொட்ட ஆரம்பித்தது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் அதன் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு அம்மாவைத்தான் திட்டினார். "மனுஷங்க திங்கறத நாய்க்குப் போடாதீங்கம்மா" என்றார். ஒரு வேளை பாக்கெட் தீனி, மறு வேளை அதற்கென்றே தனியாகச் சமைத்த சோறு, அதில் உப்பு, காரம், வெங்காயம், பூண்டு எதுவும் சேரக்கூடாது. அம்மா இதைச் செபம்போல மனப்பாடம் செய்துகொண்டாள். நொய்யரிசி, பரங்கிக்காய், கேரட், முள் எடுத்த மீன் ஒரு துண்டு, மீன் இல்லாத நாளில் முட்டை வெள்ளைக்கரு. முள் எடுப்பது என் வேலை. ஒரு நாள் ஒரு வாய் தின்று பார்த்தேன். சுவரை நக்கியதுபோல இருந்தது. சிப்பியும் முதல் இரண்டு நாள் தட்டைப் பார்ப்பதும் எங்களைப் பார்ப்பதுமாக இருந்தது. பிறகு வேறு வழியில்லை என்று தெரிந்து தின்னத் தொடங்கியது.

அந்த வருஷம் திருநீற்றுப் புதனுக்கு முந்தின வாரம், சிதம்பரத்தில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லி அம்மாவும் அப்பாவும் இரண்டு முறை போய்வந்தார்கள். அதற்குப் பிறகு அம்மா எங்கள் சோற்றைத் தொடவில்லை. சிப்பிக்குச் செய்த சட்டியிலிருந்தே இரண்டு கரண்டி தன் தட்டில் போட்டுக்கொண்டாள். காய்களை முதலில் வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டும் பழக்கமும் புதிதாக வந்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

"ஏம்மா நாய் சோத்தத் திங்கற?"

"தவக்காலம் இல்லடி. ஒறுத்தல்" என்றாள் அம்மா. அப்பா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் வந்தால் எங்கள் தெருவில் ஆளுக்கொரு ஒறுத்தல், பிடித்த ஒன்றை விட்டுவிடுவது. ஒருவர் டீயை விடுவார், ஒருவர் சீரியலை விடுவார். நான் குச்சி ஐசை விட்டிருந்தேன், அதிலும் இரண்டு முறை கள்ளத்தனம் செய்தாயிற்று. நாற்பது நாளும் நாய்ச்சோறு என்பது யாரும் கேள்விப்படாதது. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். சிஸ்டர் எல்லாரையும் கைதட்டச் சொன்னார். வீட்டுக்கு ஓடிவந்து அதை அம்மாவிடம் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே பின்கட்டுக்குப் போனவள் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

ஈஸ்டர் வந்தது. ராத்திரிப் பூசை முடிந்து மறுநாள் மத்தியானம் தெரு முழுக்க பிரியாணி வாசனை. எங்கள் வீட்டிலும் மட்டன் பிரியாணி. ஆனால் பக்கத்து அடுப்பில் அந்தச் சட்டியும் இருந்தது. அம்மா எனக்கும் அப்பாவுக்கும் பிரியாணி போட்டுவிட்டுத் தனக்கு அதைத்தான் போட்டுக்கொள்ளப் போகிறாள் என்று புரிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. நாற்பது நாள் முடிந்துவிட்டது. ஈஸ்டர் அன்று ஒறுத்தல் செய்வது ஆண்டவருக்கே பிடிக்காது என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அம்மா குளிக்கப் போன நேரத்தில் ஜாடியிலிருந்து கல்லுப்பை ஒரு கை அள்ளிச் சட்டியில் போட்டுக் கிளறினேன். பிரியாணிக் குழம்பையும் இரண்டு கரண்டி அதில் ஊற்றினேன்.

அம்மா ஒரு வாய் வைத்தாள். மெல்லாமல் அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்கு ஈஸ்டர்மா. இன்னிக்குல்லாம் ஒறுத்தல் கூடாது" என்றேன்.

அப்பா கையை நீட்டித் தட்டை வாங்கப் போனார். அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இருங்க, புள்ள ஆசையா போட்டுருக்கு" என்றாள். முழுசாகத் தின்றாள். தட்டை வழித்தாள். "நல்லா இருக்குடி" என்று என் தலையில் கைவைத்தாள். அப்பா அன்றைக்குப் பிரியாணி சாப்பிடாமலே எழுந்து போனார். பண்டிகை நாளும் அதுவுமாக இவருக்கு என்ன கோபம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் அம்மாவின் முகம் வீங்கியது. கால் வீங்கியது. படுத்தால் மூச்சுவிட முடியாமல் உட்கார்ந்தே இருந்தாள். சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெரியம்மா கூட இருந்து பார்த்துக்கொண்டார். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. அப்பா ராத்திரி டூட்டி முடிந்து வந்து, குளித்து, காலை பஸ்ஸில் சிதம்பரம் போய் மாலையில் திரும்புவார். ராத்திரி பக்கத்து வீட்டு அக்கா துணைக்கு வந்து படுப்பாள், பகலிலும் அவ்வப்போது எட்டிப் பார்ப்பாள்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அப்பா கேட்டார்.

"சிப்பிக்குச் செய்யறத இன்னும் கொஞ்சம் சேத்துச் செய்யறியா? அங்க ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு நாய் கீது. பாவம், யாரும் ஒண்ணும் போடறதில்ல."

"அதுக்கும் உப்பு போடக்கூடாதாப்பா?"

"போடவே கூடாதும்மா. காய் வெந்த தண்ணிய வடிச்சிடு."

செய்தேன். முதல் நாள் பெருமையாக இருந்தது. ஒரு வாரத்தில் சலித்துவிட்டது. லீவில் மற்ற பிள்ளைகள் சில்வர் பீச்சுக்குப் போகிறார்கள், நான் ஊர்பேர் தெரியாத நாய்க்குப் பரங்கிக்காய் நறுக்குகிறேன். சில நாள் காயைச் சரியாகக் கழுவவில்லை. ஒரு நாள் அடிபிடித்துவிட்டது. கருகியதைச் சுரண்டி அப்படியே எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடினேன். நாய்க்கு இது போதும் என்று வாய்விட்டே சொன்னேன். அப்பா தூக்கை வாங்கிக்கொண்டு போனார்.

ஒரே ஒரு முறை என்னையும் கூட்டிப்போனார். ஆஸ்பத்திரி வாசலில் நிஜமாகவே ஒரு நாய் இருந்தது. வெள்ளை நிறம், நன்றாகக் கொழுத்து, மர நிழலில் படுத்துக் கிடந்தது. "இதுவாப்பா?" என்றேன். அப்பா கொஞ்சம் திகைத்துவிட்டு "ஆமாம்மா" என்றார். நான் சமைத்ததைத் தின்றுவிட்டு அது என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்று எனக்கு வருத்தம்.

அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் ஏதோ குழாய் சொருகிப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பக்கத்து ஸ்டூலில் எங்கள் தூக்கு. இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"பெரியம்மா கீழ போறப்ப எடுத்துட்டுப் போயிப் போடுவா" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "நீ செய்யறத அது எம்மாம் ஆசையா சாப்புடுது தெரியுமா. நேத்து கொஞ்சம் தீஞ்சி போயிருந்துது போல. அதையும் மிச்சம் வைக்கல" என்றாள்.

"உப்பு போடலம்மா. அன்னிக்கு ஈஸ்டருக்கு மட்டுந்தான் போட்டேன்."

அம்மா என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "அன்னிக்கு நீ போட்டதாலதாண்டி நான் வாய்க்கு ருசியா சாப்ட்டேன்" என்றாள்.

எல்லாவற்றையும் பெரியம்மாதான் எனக்குச் சொன்னார், நான் பன்னிரண்டாவது முடித்த பிறகு. அம்மாவின் சிறுநீரகம் இரண்டும் தவக்காலத்துக்கு முன்பே கெட்டுப்போயிருந்தன. காய்த் தண்ணீரை வடித்துக் கொட்டச் சொன்னது சிதம்பரத்து டாக்டர். ஆஸ்பத்திரிக் கஞ்சி அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உப்பில்லாத சோறு அம்மாவுக்குத்தான் என்று சொன்னால், ஈஸ்டர் அன்று அள்ளிப்போட்ட உப்பு எனக்கு ஞாபகம் வந்துவிடும். "அவளுக்கு எந்தக் காலத்துலயும் தெரியக் கூடாது" என்று அம்மா அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நாய்க் கதையைக் கட்டியது அப்பா. அந்தச் சத்தியத்தை அப்பா இன்றுவரை காப்பாற்றுகிறார். எனக்குத் தெரியும் என்று நானும் அவரிடம் சொன்னதில்லை. ஒரே ஒரு வேளைச் சோற்று உப்பில் இப்படி ஆகுமா என்று மூன்று டாக்டர்களைக் கேட்டுவிட்டேன். எப்படியும் ஆகவேண்டியதுதான் என்று மூவரும் சொன்னார்கள். என் மனது அதை ஏற்கவில்லை. உப்பைவிடவும் அந்தக் கருகிய சோறுதான் என்னை இன்னும் அதிகமாக வதைக்கிறது.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் அப்பா மாலை பஸ்ஸில் வராமல் மத்தியானமே வந்துவிட்டார். கையில் தூக்கு கனமாக இருந்தது. திறந்து பார்த்தேன். வைத்த சோறு வைத்தபடியே இருந்தது. அடுப்படி வெக்கையில் நின்று நறுக்கி, வேகவைத்து, முள் எடுத்து அனுப்பியது.

"அந்த நாய்க்கு என்னா திமிருப்பா" என்றேன்.

அப்பா வாசற்படியில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றவில்லை. தெருவைப் பார்த்தபடி, "இனிமே செய்ய வேணாம்மா" என்றார்.

"ஏன், அது வேற எங்கயாவது போயிடுச்சா?"

அப்பா தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. சோற்றைச் சிப்பியின் தட்டில் கவிழ்த்துவிட்டு, நாளையிலிருந்து நானும் பீச்சுக்குப் போகலாம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரம் எங்கள் வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. இரண்டு பேர் அதிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிப் அடுக்கடுக்காக வைக்க ஆரம்பித்தார்கள். அம்மாவை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள், பார்க்க ஆட்கள் வருவார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, நானும் ஓடிப்போய் அவர்களோடு நாற்காலிகளைப் பிரித்துப் போட்டேன்.