பள்ளிக்கூடத்துப் பானை

கீரனூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் உதவி ஆசிரியராக இருந்தேன். மழை பொய்த்த வருஷம். எனக்கு எல்லாமே அலுத்திருந்தது. பிள்ளைகள் தினமும் ஊருணித் தண்ணீரைக் குடத்தில் எடுத்துவந்து தலைமையாசிரியர் வீட்டுக் கத்தரிச் செடிகளுக்கு ஊற்ற வேண்டும். அவர்கள் குடிப்பதற்கென்று வைத்த பானை காய்ந்து கிடக்கும்.

நாலாம் வகுப்பில் ஒரு பெண். தோட்டுக்குப் பதில் காதில் வேப்பங்குச்சி. பேசும்போது அதைத் திருகிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் குடத்துத் தண்ணீரைப் பள்ளிப் பானையில் கவிழ்த்துவிட்டாள்.

“யாரைக் கேட்டு ஊத்துனே?” என்று தலைமையாசிரியர் பிரம்போடு வந்தார்.

“எல்லாருக்கும் தாகமா இருக்குங்க சார். இது நெறையட்டும், பெறகு ஒங்க செடிக்கு ஊத்துறேன்.”

இரண்டு கையிலும் அடித்தார். ஆத்திரம் தீராமல் பானையையும் உடைத்தார்.

மறுநாள் அவள் நிறைகுடத்தோடு நேரே என் வகுப்புக்குள் வந்தாள்.

“இங்கிட்டு எறக்கி வைக்கட்டுமா சார்?”

சாக்பீஸ் பெட்டியை நகர்த்தி மேசையில் இடம் விட்டேன். குடத்தை வைத்துவிட்டுக் காதுக்குக் கையைக் கொண்டுபோனாள். வீங்கிய விரல்களுக்கு அந்தக் குச்சி பிடிபடவில்லை. அப்படியென்றால் எந்தக் கையால் குடத்தைத் தூக்கி வந்தாள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.