பக்கத்து அறைக்கும் காற்று

தெஹிவளை பிளாட்டில் ஏசிக் குழாய்க்காகச் சுவரைத் துளைத்தார்கள். செங்கல் தூள் மணந்ததும் கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாடகைக்கிருந்த அறை நினைவுக்கு வந்தது.

சண்டைக் காலம்; தமிழ்ப் பொடியன்களைப் பொலிஸ் தேடித் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தது. எங்கள் அறையில் ஜன்னல் இல்லை, அம்மாவுக்கோ மூச்சிழுப்பு. பக்கத்து அறை ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தது. அதன் ஜன்னல் காற்றாவது வரட்டுமென்று, நடுச்சுவரிலிருந்த பழைய ஓட்டையை அப்பா ஒரு மத்தியானம் உளியால் பெருப்பித்தார்.

"அண்ணை, இன்னும் பெருசாக்குங்கோ. இஞ்ச ஜன்னலுக்கு உள்ளால பலகை அடிச்சிருக்கு," என்றது ஒரு குரல் ஓட்டைக்குள்ளிருந்து.

"ஆர் தம்பி நீர்?"

மூச்சு மட்டும் கேட்டது.

வீட்டுக்காரரிடம் ஓடினார் அப்பா. "அங்க ஒருத்தரும் இல்லை. நீங்கள் ஒண்டும் கேக்கேல்லை," என்றார் அவர்.

எங்களையும் பிடிப்பார்களென்று அப்பா ஓட்டையை அடைக்கச் சீமெந்து குழைத்தார். அம்மா ஓட்டையை மறித்து நின்றார்.

"அடைக்காதேங்கோ. மூச்சு முட்டுறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும்."

அப்பா மறுபடி உளியை எடுத்தார்.