பெட்டிக்குள் அடங்காத தூண்டில் தடி

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். மாரி மழை ஓய்ந்து கடல் அடங்கியிருந்த நேரம். எனக்கு ஊர் மருதமுனை. வீட்டிலேயே தறி வைத்து நெய்கிறவள் நான். என் கணவர் பல வருடம் கத்தாரில் இருந்துவிட்டு, இனிமேல் போவதில்லை என்று சொல்லி வந்து சேர்ந்திருந்தார். அதற்கு முந்திய லீவிலும் இதையேதான் சொன்னார், சொல்லிவிட்டுப் போனார். அதனால் அலுமாரியில் இருந்த பாஸ்போர்ட்டின் மேல் எப்போதும் எனக்கு ஒரு கண்.

வரும்போது நீளமான ஒரு தூண்டில் தடி கொண்டு வந்திருந்தார். பகலில் சீமெந்துக் கடையொன்றில் வேலை. பின்னேரத்து அஸர் தொழுததும் தடியை பைக்கில் கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார். பொழுது பட்டுத் தொழுகிற மஃரிபும் அங்கேயுள்ள பள்ளிவாசலில்தான். திரும்பி வரும்போது வெறுங்கை. கேட்டால் ஒரே பதில்:

"தங்கூசி அறுந்துட்டு."

மீன் கொத்தி இழுக்கிற நேரம் பார்த்து அந்த நைலோன் நரம்பு அறுந்துவிடுகிறதாம். ஒரு நாள் என்றால் நம்பலாம். ஒவ்வொரு நாளுமா அறும்? ஒருநாள் இரண்டு பாரை மீன் கொண்டுவந்து பெருமையாகத் தந்தார். பையைத் திறந்து பார்த்தால் செவுள் எடுத்து, குடல் கழுவி, கறிக்கு வெட்டத் தயாராக இருந்தது. தூண்டிலில் பட்ட மீன் சந்தை மீன்போல வருமா? நான் ஒன்றும் கேட்கவில்லை, ஆக்கிப் போட்டேன்.

போதாக்குறைக்கு, கத்தாரிலிருந்து ஒரு கூட்டாளி அடிக்கடி கோல் எடுப்பார். உடனே இவர் போனைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மீனும் இல்லை, தூண்டிலும் இல்லை. இந்த மனிசன் எங்கேயோ வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனைப் பார்க்கப் போகிறார்.

ஒருநாள் அவர் வேலைக்குப் போன பிறகு தடியை எடுத்துப் பார்த்தேன். கடல் மணல் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கத்தான். மணல் இருந்தது. அதிலும் மனம் ஆறவில்லை, தடி முழுக்கத் துழாவினேன். நான் தறியிலிருந்து எழும்பி வந்தவள், கை விரலில் ஒரு நூல் சுற்றியிருந்தது. தங்கூசி போகிற நுனி வளையத்தில் அந்த நூல் மாட்டி அறுந்தது. இன்னொரு நூலை உள்ளே விட்டு இழுத்தேன். அதுவும் அறுந்தது. தறியில் நூல் நுழைகிற சீப்பு மாதிரியான அச்சில் ஒரு பல் உரசிப்போனால் பாவு நூல் இப்படித்தான் ஒரே இடத்தில் அறுந்துகொண்டே இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வளையத்தின் உட்பக்கம் வெடித்திருந்தது, வெடிப்புக்குள் பச்சைப் பெயின்ற் தூள். கடற்கரைப் பள்ளியின் சுவர் பச்சை. தொழப் போகும்போது தடியை அந்தச் சுவரில் சாத்திவிட்டுப் போயிருக்கிறார், நுனி இடிபட்டு வளையம் வெடித்திருக்கிறது.

அப்படியென்றால் மனிசன் கடற்கரையில்தான் இருந்திருக்கிறார். தனியாக நின்று சிரித்தேன்.

பின்னேரம் அவர் வந்ததும் நூலை விட்டுக் காட்டினேன். "அப்ப நான் பொய் சொல்லல்ல எண்டு இப்பதான் விளங்கிச்சா?" என்றார்.

"அந்தப் பாரை மீன்?"

"வெறுங்கையோட வந்தா நீ பாக்கிற பார்வைக்குப் பயந்து சந்தையில வாங்கின."

வளையத்தை மட்டும் மாற்றலாம் என்று கழற்றப் பார்த்தார். தடியின் நுனியும் கையோடு வந்துவிட்டது, உள்ளால் ஏற்கனவே வெடித்திருக்கிறது. புதுத் தடி வாங்குவதென்று அடுத்த லீவு நாளில் இருவரும் பைக்கில் கல்முனைக்குப் போனோம்.

நான் நூல் பந்தையும் கொண்டு போயிருந்தேன். கடையில் எடுத்துக் காட்டிய ஒவ்வொரு தடிக்கும் வளையம் வளையமாக நூல் விட்டு இழுத்தேன். கடைக்காரர் என்னையும் நூலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ராத்தா, தடியத் தைக்கவா போறீங்க?"

அப்போதுதான் கவனித்தேன். இவர் ஒரு மூலையில் நின்று, குடை மாதிரி உள்ளுக்குள் அடங்குகிற ஒரு தடியைச் சாணால் அளந்துகொண்டிருந்தார். மறுபடியும் அந்தக் கத்தார் கோல் நினைவுக்கு வந்தது. எங்கள் கட்டிலுக்கடியில் கிடக்கும் பயணப் பெட்டியும் கிட்டத்தட்ட அந்த அளவுதான்.

"இத எடுப்பம்," என்றார்.

"என்னத்துக்கு மடிக்கிற தடி?"

"கொண்டு போக லேசி."

"எங்க கொண்டு போக?"

கடைக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தடியை விரிப்பதும் மடிப்பதுமாக நின்றார். எனக்கு அது போதும், கத்தாருக்குத்தான் என்று முடிவு கட்டினேன். இதில் வளையம் சின்னது, பொருத்து அதிகம், உப்புப் பட்டால் இறுகிவிடும் என்று அடுக்கினேன். சொன்னதெல்லாம் சரிதான், ஆனால் நான் சொன்னது அதற்காக இல்லை. எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காத நீட்டுத் தடி ஒன்றை நானே தேர்ந்து எடுத்தேன். அவர் காசை எண்ணிக் கொடுத்தார். முகம் மட்டும் கொஞ்சம் வாடியது.

வெளியே வந்து வழக்கம்போல தடியை பைக்கின் இடப்பக்கம் முன்னிருந்து பின்வரை கட்டினார். நான் ஏறப் போனேன். அபாயாவோடு ஒருபக்கமாகக் கால் போட்டு இருக்கிறவள், காலை எங்கே வைப்பது? வைக்கிற இடத்தில் தடி இருந்தது. கையில் நிமிர்த்திப் பிடிக்கிறேன் என்றேன்.

"மரத்தில கிரத்தில தட்டினா மறுகா வளையம் போயிடும்," என்றார். பிறகு கயிற்றை இறுக்கியபடி மெல்லச் சொன்னார். "இதுக்குத்தான் புள்ள நான் மடிக்கிறதக் கேட்ட. பின்னேரத்தில ஒன்னையும் ஏத்திட்டுக் கடக்கரைக்குப் போகலாம் எண்டு."

கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "அப்ப அந்தக் கத்தார் கோல்?"

"அவன் வரச் சொல்லித்தான் எடுக்கிறான். நான் ஏலா எண்டுதான் சொல்ற. நீ கேட்டா மனம் கலங்கும் எண்டுதான் கிணத்தடிக்குப் போற."

"கடைக்குள்ளயே சொல்லியிருக்கலாமே."

"கடக்காரனுக்கு முன்னால பொஞ்சாதிய ஏத்திட்டுப் போக எண்டா சொல்ற?"

திரும்பிப் போய் மாற்றுவோம் என்று கெஞ்சினேன். "வேணாம். நீ நூல் விட்டுப் பாத்து எடுத்த தடி," என்றுவிட்டார். நான் ஆட்டோவில் ஏறினேன். அவர் புதுத் தடியோடு பின்னால் வந்தார். வழி நெடுக அவர் முகத்தை ஆட்டோக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனேன், அழுகை வந்தது.

அவர் இன்றுவரை போகவில்லை. பாஸ்போர்ட் திகதி முடிந்து கிடக்கிறது. தடியும் நல்ல தடிதான், ஒரு தங்கூசியையும் அறுத்ததில்லை, மீனும் வருகிறது. ஆனால் பின்னேரங்களில் அவர் புறப்படும்போது அதை பைக்கில் கட்டிக் கொடுப்பது நான்தான். அவர் எனக்கென்று நினைத்து வைத்திருந்த இடத்தில் அதை என் கையாலேயே கட்டும்போது, அல்லாஹ், நம்பாத மனம் எதையெல்லாம் இழந்துவிடுகிறது என்று ஒவ்வொரு முடிச்சிலும் நினைத்துக்கொள்வேன்.