தங்கச்சி வீட்டு ரேடியோ

இரண்டாம் உலக யுத்த காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த என் தங்கச்சியின் ரேடியோ பிளேன் வருவதை நம் காதுக்கு முந்திச் சொல்லிவிடும். பாட்டுப் போய்க்கொண்டிருக்கும்போதே குரல் படபடவென்று நடுங்கும். பிளேன் நெருங்க நெருங்க அந்த நடுக்கம் தளரும். தாண்டிப் போனால் மறுபடி வேகம் பிடிக்கும். தங்கச்சி குசினி அடுப்படியில் நின்றபடியே, "இப்ப குறுக்கால போகுது, பாருங்கோ" என்பாள். வாசலுக்கு வெளியே ஒழுங்கைச் சனம் முழுக்க அண்ணாந்து பார்க்கும். அவள் வாய் மூடுமுன் பிளேன் தெரியும்.

எனக்கு வயிறு எரிந்தது. கொட்டாஞ்சேனையில் எங்கள் ரேடியோ அதைவிடப் பெரியது, விலையும் கூட. ஆனால் தெளிவாகப் பாடுமே தவிர, ஒருநாளும் நடுங்கியதில்லை.

"ரேடியோ ஸ்டேஷனுக்கும் எங்கட வீட்டுக்கும் நடுவால பிளேன் போறதாலதான் மச்சாள்," என்றார் தங்கச்சியின் கணவர்.

ரேடியோவைக் காப்பாற்றக் கதை விடுகிறார் என்று நினைத்தேன். ரேடியோக்களை மாற்றிக்கொள்வோமா என்று தங்கச்சியைக் கேட்டேன். பெரியது கிடைக்கிறதென்று அவள் உடனே சம்மதித்தாள்.

அவளுடையதை ரிக்‌ஷாவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஒரு கிழமை, ஏழு நாளும், பக்கத்திலேயே காவல் இருந்தேன். அந்தச் சனியன் என் வீட்டில் ஒரு பிசிறில்லாமல் பாடியது.

திரும்ப வெள்ளவத்தைக்குப் போனேன். அங்கே என் ரேடியோ நடுங்கிக்கொண்டிருந்தது. ஒழுங்கையே வானத்தைப் பார்த்து நின்றது.

"உங்கட ரேடியோ இன்னும் கெட்டித்தனம் அக்கா," என்று தங்கச்சி தேத்தண்ணீரை நீட்டினாள்.

"ஓம்," என்றேன். "வீட்டையும் மாத்துவமோ?"