மணல் படமும் எங்கள் யன்னலும்

எனக்கு ஒரு ஜப்பானிய எழுத்தாளரில் பைத்தியம். வேற்று மண்ணில் வளர்ந்தவர், மருத்துவம் படித்தும் வைத்தியம் பார்க்காதவர், தன் நாவல்களுக்குத் தானே திரைக்கதை எழுதியவர்.

போன மாசியில் ஒரு ஞாயிறு பின்னேரம், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த செயின்ட்-மிஷேலில், நிலத்துக்குக் கீழே இருக்கும் எங்கள் பேஸ்மென்ட் வீட்டில், அவருடைய படமொன்றை மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். மணல் குழிக்குள் ஒரு வீடு. உள்ளே இருப்பவர்கள் அள்ள அள்ள மணல் விழுந்துகொண்டே இருக்கும்.

"இஞ்சேரும், இது வெறும் மண் இல்லை. வாழ்க்கைக்கு ஒரு குறியீடு" என்றேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முள்ளிவாய்க்காலில அம்மாவின்ர கூறைச்சீலையைக் கிழிச்சு மூட்டை தைச்சு, மண் நிரப்பித்தான் பங்கருக்கு அடுக்கினனாங்கள். ஷெல் விழ எல்லாம் சரிஞ்சிட்டுது. நான் கையால அள்ள அள்ள மண் வந்துகொண்டே இருந்தது. அம்மாவை எடுக்கேலாமல் போச்சு."

அவளின் தாய் ஷெல்லில் செத்தவர் என்று மட்டுந்தான் கலியாணம் பேசும்போது சொன்னார்கள்.

படத்தை நிறுத்தினேன். அறை இருண்டிருந்தது. வெளியே கொட்டிய பனி, நிலத்தோடு ஒட்டிய எங்கள் யன்னலைப் பாதிக்கு மேல் மூடியிருந்தது. பனி கொட்டினால், வழுக்கும் படியை விட்டுவிட்டு முதலில் அந்த யன்னலைத்தான் அவள் துப்புரவாக்குவாள். நான் எத்தனையோ தரம் கேலி செய்திருக்கிறேன்.

அவள் எழும்பிச் சப்பாத்தைத் தேடினாள்.

"நீர் இரும்" என்று சொல்லிவிட்டு, பனி அள்ளும் சவளை எடுத்துக்கொண்டு நானே போனேன். ஒட்டியிருந்த மிச்சப் பனியைக் கையால் வழித்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் தெரிந்தது.

அந்த மணல் எதற்குக் குறியீடு என்று பிறகு நான் யாருக்கும் சொன்னதில்லை.