செரினின் இரண்டு படங்கள்

தென்கொரியாவின் பூசானில், எங்கள் சந்தையின் மீன் வரிசை முடிந்து உலர் சரக்கு தொடங்கும் முனையில் என் கடற்பாசிக் கடை இருக்கிறது. எதிர்க் கடையில் ஓமுக் பொரிக்கிறார்கள். மீனை அரைத்து மாவோடு பிசைந்து, பட்டையாகத் தட்டி எண்ணெயில் விடுவார்கள். அந்த எண்ணெய்க் கொப்பரைக்கு முன்னால் பல வருடமாக நிற்கிறவள் பியோ செரின். முப்பதைத் தாண்டியவள். கை வேகம், வாய் அதைவிட வேகம். ஆனால் யாராவது அவள் முகத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்துவிட்டால், சட்டென்று திரும்பிக்கொண்டு கழுவின கரண்டியையே மறுபடி கழுவ ஆரம்பித்துவிடுவாள்.

பள்ளிக்கூட நாளில் வந்த பரு அவளை விட்டுப் போகவே இல்லை. காலையில் கழுவிய முகம் கடை சூடாவதற்குள் எண்ணெய் வழியும். கன்னத்தில் ஒன்று அடங்கினால் தாடையில் இரண்டு கிளம்பும். எங்கள் சந்தையில் இதையெல்லாம் மனதுக்குள் வைத்துக்கொள்கிறவர்கள் கிடையாது. அவளுடைய முதலாளியம்மா ஒக்சிம் தினமும் ஏதாவது ஒன்று சொல்லிவிட்டுத்தான் கல்லாவில் உட்காருவாள்.

"என்னடி, இன்னைக்கு மூஞ்சில தக்காளித் தோட்டம் போட்டிருக்க?"

"கொப்பரை முன்னாடி நின்னா வேற என்ன விளையும் முதலாளியம்மா? சம்பளத்தோட எண்ணெயும் சேத்துல்ல குடுக்கறீங்க."

"எண்ணெய்க்குக் காசு பிடிக்கலையேன்னு சந்தோஷப்படு."

வைத்தியம் சொல்லாத ஆள் இல்லை. அரிசி களைந்த தண்ணீர், பச்சைப்பயறு மாவு, வெள்ளரித் துண்டு. என் பங்குக்கு நான் கடற்பாசி சூப் குடிக்கச் சொன்னேன். "எல்லாத்தையும் கேட்டா நான் சாப்பாட்டு மேசை ஆயிடுவேன் சித்தி" என்றாள்.

அவள் நம்பியது புதுச் சரக்குகளை. கூடப் படித்த சா யூன்பி, சுரங்க ரயில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அழகுப் பொருள் கடையில் வேலை பார்த்தாள். புதிதாக எது வந்தாலும் அதன் சாம்பிள் பொட்டலம் ஒன்று அன்று மாலையே செரின் கைக்கு வந்துவிடும். நத்தைக் கூழ் கலந்த கிரீம், தேயிலை மர எண்ணெய், வல்லாரைச் சாறு, பேர் வாயில் நுழையாத அமிலங்கள். செரின் அவசரக்காரி இல்லை. முதலில் காதுக்குக் கீழே ஓர் ஓரத்தில் தடவிப் பார்ப்பாள். சில நாள் அரிப்பில்லாமல் போனால் ஒரு கன்னத்துக்குக் கொண்டுவருவாள். அதற்கப்புறம்தான் முழு முகம். ஒவ்வொன்றைப் பற்றியும் என்னிடம் வந்து, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வாள்.

"இது மொத வாரம் நல்லவன் மாதிரி நடிக்கும் சித்தி. ரெண்டாவது வாரம் குணத்தைக் காட்டிடும். இந்த வல்லாரை மட்டும் கொஞ்சம் மரியாதையா நடந்துக்குது."

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனாலும் ஒரு நாள் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். செரின் நீட்டிய ஓமுக் குச்சியை வாங்க ஒரு குழந்தை கை நீட்டியது. அதன் தாய் செரினை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, குழந்தையின் கையை இழுத்துக்கொண்டாள். "வேற கடையில வாங்கலாம், வா" என்றாள். செரின் அந்தக் குச்சியை மறுபடி வரிசையில் வைத்தாள். அடுத்த நாளிலிருந்து முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்தாள். கொப்பரைச் சூட்டில் அது வேர்வையில் நனைந்து, பருவை இன்னும் கிளப்பிவிட்டது. ஒக்சிம் அதன் பிறகு தக்காளியைப் பற்றிப் பேசவில்லை.

போன வசந்தத்தில் யூன்பி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"செரின், புதுசா ஒரு கம்பெனி. முகத்துல தடவற சீரம் ஒண்ணு போடறாங்க. எண்ணெய் வழியற, பரு வர்ற முகமா தேடறாங்க. ரெண்டு மாசம் தடவணும், முன்னாடி பின்னாடி படம் எடுப்பாங்க. விளம்பரத்துக்கும் போடுவாங்க. உன் பேரைக் குடுத்துட்டேன்."

"என் பேரைக் குடுத்தியா, என் மூஞ்சியக் குடுத்தியா?"

"ரெண்டும்தான்."

"பரவால்ல, இத்தன வருஷத்துல இந்த மூஞ்சி வேணும்னு கேட்டு ஒருத்தராவது வந்தாங்களே" என்றாள் செரின். அந்த வாரமே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். வெள்ளை விளக்கடியில் பவுடர்கூட இல்லாமல் உட்கார வைத்துப் படம் எடுத்தார்களாம்.

முதலில் அந்தச் சீரம் அப்படி வேலை செய்தது. நெற்றியில் எண்ணெய் நின்றது. பருக்கள் வற்றின. ஒரு காலை அவள் முகக்கவசம் இல்லாமல் வந்தாள். ஒக்சிம் அவளைச் சுற்றி வந்து பார்த்து, "யாரும்மா நீ, புதுசா வேலைக்குச் சேந்தியா?" என்றாள். செரினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்று பூராவும் வாடிக்கையாளர்களை நிமிர்ந்து பார்த்தே பேசினாள்.

அது நீடிக்கவில்லை. மாதம் முடிவதற்குள் தாடையில் தோலுக்கடியில் கட்டி கட்டியாக எழும்பியது. தொட்டால் வலி. கம்பெனிக்குப் போன் செய்தாள். உள்ளே இருக்கும் அழுக்கெல்லாம் வெளியே வருகிறது, நிறுத்தாமல் தடவுங்கள் என்றார்கள். அவளும் தடவினாள். முகக்கவசம் மறுபடி முகத்தில் ஏறியது.

"நீயே வாங்கினதா இருந்தா இதுக்குள்ள குப்பையில போட்டிருப்பியே" என்று கேட்டேன்.

"ஆமா சித்தி. ஆனா மொதல்ல நல்லாயிருந்துச்சுல்ல? அந்த நாள் திரும்ப வந்துடும்னு தோணுது."

கடைசிப் படத்துக்கு வீங்கிய தாடையோடு போனாள். படம் எடுத்தவன் அப்படியே எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டானாம். திரும்பி வருகிற வழியில் தானாகவே தோல் மருத்துவரிடம் போனாள். மாத்திரையும் களிம்பும் எழுதிக் கொடுத்த அந்த அம்மா, கழுவ ஒன்று, தடவ ஒன்று, வெயிலுக்கு ஒன்று, இந்த மூன்றைத் தவிர எதையும் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பினாராம். வீட்டில் அடுக்கி வைத்திருந்த புட்டிகளையெல்லாம் அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினாள் செரின்.

கோடை மழை தொடங்கிய சமயம். நான் நனையாமல் ஒதுங்குவதற்காக யூன்பி வேலை பார்க்கும் கடை வாசலில் நின்றேன். கண்ணாடிக் கதவுக்குள் ஆளுயரப் போஸ்டர் ஒன்று தெரிந்தது. இடது பக்கம் நம் செரின், பருவும் எண்ணெயுமாக. வலது பக்கமும் அதே புருவம், அதே கண், கண்ணுக்குக் கீழே அதே மச்சம். கன்னம் மட்டும் உரித்த முட்டை.

சந்தைக்குத் திரும்பி அவளிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு, மாவு ஒட்டிய ஏப்ரனோடு கிளம்பினாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

போஸ்டருக்கு முன்னால் வெகு நேரம் நின்றாள். கையை உயர்த்தி, வலது பக்கப் படத்தின் தாடையைக் கண்ணாடி மேலேயே தொட்டுப் பார்த்தாள்.

"இது யாரோட தாடைன்னு தெரியல சித்தி" என்றாள்.

யூன்பி உள்ளேயிருந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"நேத்துதான் வந்துச்சுடி. எனக்கே தெரியாது."

"எடுத்துடு யூன்பி."

"எப்படி எடுப்பேன்? மேலேருந்து ஒட்டச் சொன்னது. இப்பத்தான் கடைப் பொறுப்பை என்கிட்ட குடுத்திருக்காங்க. கொஞ்ச நாள் பொறுத்துக்க, தானா மாத்திடுவாங்க. அதுல நீ நல்லாத்தானே இருக்க?"

"நல்லா இருக்கறது நான் இல்லடி."

செரின் திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். "விடுங்க சித்தி, யாருக்கு என்ன நஷ்டம்?" என்று என்னிடம் சொன்னாள். அதோடு விட்டிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன், குக் தேசொப் வராமல் இருந்திருந்தால்.

தேசொப் எங்கள் வரிசைக்கு ஐஸ் கொண்டுவருகிறவர். நாற்பது தாண்டிய பெரிய உருவம். ஐஸ் பெட்டியை இறக்குவார், தலையாட்டுவார், போவார். அவர் வாயிலிருந்து முழு வாக்கியம் ஒன்று வந்து யாரும் கேட்டதில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் பெட்டியை இறக்கிவிட்டுப் போகாமல் நின்றார். அவரும் முகக்கவசம் போட்டிருந்தார்.

"செரின், ஒண்ணு கேக்கணும். உனக்கு எத்தன நாள்ல சரியாச்சு?"

"எது அண்ணே?"

சட்டைப் பைக்குள்ளிருந்து பச்சைப் புட்டி ஒன்றை எடுத்தார். அந்தச் சீரம்தான். பிறகு முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். இரண்டு கன்னமும் வெந்ததுபோல் சிவந்து, தோல் உரிந்துகொண்டிருந்தது.

"போஸ்டர்ல பாத்தேன். நம்ம செரினுக்கே சரியாயிடுச்சேன்னு வாங்கினேன். வயசுப் பையனா இருந்த காலத்துலேருந்து எனக்கும் இருக்கு. ஐஸ் தூக்கற ஆம்பள, இதப் போய் யார்கிட்ட கேக்கறது? எரியுது. எரிஞ்சு எரிஞ்சுதான் சரியாகுமோன்னு நானும் விடாம தடவறேன்."

செரின் தன் முகக்கவசத்தை இறக்கினாள். தாடையில் கட்டிகள் அப்படியே இருந்தன. இரண்டு பேரும் ஐஸ் பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்குச் சரியாகல அண்ணே."

"அப்ப போஸ்டர்?"

"பாதிதான் நான். மீதி அவங்களே வரைஞ்சது. அதத் தூரப் போடுங்க, இனிமே தடவாதீங்க."

அவரைத் தன் மருத்துவரிடம் போகச் சொல்லி விலாசம் கொடுத்தாள். கூச்சப்பட்டார். "பொம்பளைங்கதான இருப்பாங்க அங்க?" "பரு இருக்கறவங்க இருப்பாங்க அண்ணே" என்றாள்.

அன்று மதியம் கூட்டம் ஓய்ந்ததும் என் கடைக்கு வந்தாள். வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து நின்று, போனை என் கையில் கொடுத்தாள்.

"ஒரு படம் எடுங்க சித்தி. கிட்டக்க வந்து எடுங்க."

எடுத்தேன். அந்தப் படத்தையும், சீரம் தடவிய கடைசி வாரம் அவளே எடுத்து வைத்திருந்த ஒன்றையும் அந்தச் சீரம் விற்கும் இணையப் பக்கத்தில், வாங்கினவர்கள் கருத்து எழுதுகிற இடத்தில் ஏற்றினாள். கீழே எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினாள். போஸ்டரின் இடது பக்கம் இருப்பவள் நான். வலது பக்கம் இருப்பது என் முகம் இல்லை. தடவி முடித்தபோது நான் இப்படித்தான் இருந்தேன். சிலருக்கு இது ஒத்துப்போகலாம், எனக்கு ஒத்துப்போகவில்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

அனுப்புகிற பொத்தானுக்கு மேலேயே அவள் விரல் நின்றது.

"வேணாம்னு தோணினா விட்டுடு" என்றேன்.

"இந்த மூஞ்சிய மறைக்கறதுக்கே பாதி வயசு போயிடுச்சு சித்தி. இப்ப நானே ஊருக்கெல்லாம் அனுப்பறேன் பாருங்க." அழுத்திவிட்டாள். அழுத்தியதும் போனை என் கடற்பாசிக் கட்டுக்குள் செருகிவிட்டுப் போய்விட்டாள். சாயங்காலம் வரை கேட்கவே இல்லை.

மறுநாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. செரினின் கையெல்லாம் மாவாக இருந்ததால் ஒக்சிம் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டாள். எல்லோருக்கும் கேட்டது.

"மேடம், நீங்க படத்தைப் பயன்படுத்தச் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"என் முகத்தைப் போடறதுக்குக் கையெழுத்துப் போட்டேன். இல்லாத முகத்தைப் போடறதுக்குப் போடல."

"வெளிச்சத்தைக் கொஞ்சம் சரி பண்ணினோம், அவ்வளவுதான்."

"அப்படின்னா அந்த வெளிச்சத்தையே புட்டியில அடைச்சு வித்துருக்கலாமே. நானும் ஒண்ணு வாங்கியிருப்பேன்."

ஒக்சிம் போனை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்தப் பக்கம் ஏதோ வழக்கு என்று ஆரம்பித்தார்கள். ஆனால் அவள் எழுதியதற்குக் கீழே அதற்குள் நிறையப் பேர் தங்கள் கன்னங்களைப் படமெடுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு வாரத்தில் போஸ்டர் போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு பச்சை இலையின் படம் வந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, வழக்கும் போடவில்லை.

யூன்பிக்குத்தான் அடி விழுந்தது. யாருடைய சிநேகிதி என்று மேலிடத்துக்குத் தெரிந்து, கொடுத்த பொறுப்பை எடுத்துவிட்டார்கள். அவள் எங்கள் வரிசைப் பக்கம் வருவதை நிறுத்தினாள். சுரங்க ரயில் படியில் எதிர்ப்பட்டால் போனைப் பார்த்துக்கொண்டே போய்விடுவாள். செரின் இரண்டு முறை கடைக்குத் தேடிப்போய்த் திரும்பி வந்தாள். "அவ மேல தப்பு சொல்ல முடியாது சித்தி, என் மேலயும் சொல்ல முடியாது. அதான் கஷ்டம்" என்றாள். அந்தக் கோடையில் அவளைப் பரு வருத்தியதைவிட இதுதான் அதிகம் வருத்தியது.

மருத்துவரின் களிம்பு மெதுவாக வேலை செய்தது. கட்டிகள் அமுங்கின. தழும்புகள் நிற்கின்றன, இனியும் நிற்கும். எண்ணெய் வழிவது வழிகிறதுதான். தேசொப்பின் கன்னமும் ஆறிவிட்டது. இப்போது ஐஸ் இறக்கும்போது அவர் பேசுகிறார், அதுவும் வெயில் கிரீமைப் பற்றி மட்டும். எது வேர்வையில் வழியாது, எது கண்ணில் எரியும் என்று செரினிடம் விசாரித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். ஒக்சிம் அவருக்கு 'ரோஜாப்பூ' என்று பேர் வைத்திருக்கிறாள். அவர் கோபித்துக்கொள்வதில்லை.

குளிர் தொடங்கியதும் வழக்கம்போல ஒக்சிம் வீட்டு முற்றத்தில் வருடத்துக்கான கிம்ச்சி போட எல்லோரும் கூடினோம். உப்பில் ஊறிய முட்டைக்கோஸ் மலைபோலக் குவிந்திருந்தது. நாங்கள் மிளகாய் விழுதை இலை இலையாகத் தடவிக்கொண்டிருந்தபோது வாசலில் யூன்பி நின்றாள். கையில் ரப்பர் கையுறை.

"ஆள் பத்தலன்னு முதலாளியம்மா போன் பண்ணினாங்க" என்றாள், யாரையும் பார்க்காமல்.

ஒக்சிம் அப்படி யாருக்கும் போன் பண்ணவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். செரின் நகர்ந்து இடம் விட்டாள். யூன்பி உட்கார்ந்து ஒரு முட்டைக்கோஸை இழுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் விழுதைத் தடவினார்கள்.

"உம் மேல இன்னும் கோபம்தான்" என்றாள் யூன்பி.

"தெரியும்."

"எனக்கும் ஒரு வார்த்த சொல்லிட்டு எழுதியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீ அழுதிருப்ப. நான் எழுதியிருக்க மாட்டேன்."

யூன்பி யோசித்தாள். "ஆமா, அழுதிருப்பேன்" என்றாள்.

செரின் தோளைத் தூக்கி, கன்னத்தை அதில் தேய்க்க முயன்றாள். எட்டவில்லை. இரண்டு கையிலும் முழங்கை வரை மிளகாய் விழுது.

"யூன்பி, கன்னம் அரிக்குதுடி. கொஞ்சம் சொறிஞ்சு விடேன்."

யூன்பி ஒரு கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினாள். சுத்தமாக இருந்த அந்தக் கையால் செரினின் கன்னத்தைப் பிடித்து, நகம் படாமல் விரல் நுனியால் மெல்லச் சொறிந்துவிட்டாள்.

"இங்கயா?"

"இன்னும் கீழ."